சூப்புக் கொலாஜனும் கட்டிக் கொலாஜனும்

கேள்வி இதுதான்: கும்பகோணம் பக்கம், 58 வயது அம்மா, இடது மார்பில் கட்டி. பயாப்சி அறிக்கையில் புற்று என்று வந்திருக்கிறது. கூடவே ‘டெஸ்மோபிளாஸ்டிக் ஸ்ட்ரோமா, அடர்ந்த கொலாஜன்’ என்றும் ஒரு வரி; கட்டியைச் சுற்றி நார் மண்டியிருக்கிறது, அந்த நார் கொலாஜன் என்ற புரதம் என்று அர்த்தம். மூட்டு வலிக்காக அம்மா எட்டு மாதமாகக் கொலாஜன் பவுடர் கலக்கிக் குடிக்கிறார்; ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கால் சூப்பும் உண்டு. இதனால்தான் வந்ததா? நிறுத்திவிட வேண்டுமா? புற்று வளர்வதிலும் பரவுவதிலும் கொலாஜனுக்கு என்ன வேலை? வெற்றிலை பாக்குப் பழக்கமும் உண்டு என்று கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். என் கண் அந்த வரியில்தான் நின்றது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் மனசைப் போட்டு அரிக்கிற விஷயம். பவுடரோ சூப்போ மார்பகப் புற்றை உண்டாக்கும் என்பதற்குச் சான்று கிடையாது. குடித்த கொலாஜன் கொலாஜனாகவே போய்க் கட்டியில் ஒட்டிக்கொள்வதும் இல்லை. வயிறும் குடலும் அதை அமினோ அமிலங்களாகவும், இரண்டு மூன்று கண்ணி நீளமுள்ள துணுக்குகளாகவும் அறுத்துவிடுகின்றன. பிரித்துப்போட்ட கூரையின் மூங்கில் மாதிரிதான் அது: அடுப்புக்கும் போகும், பந்தலுக்கும் போகும், பழைய கூரையாக மட்டும் திரும்ப வராது. அறிக்கையில் எழுதியிருக்கிற கொலாஜன் உங்கள் அம்மாவின் உடம்பே அந்த இடத்தில் நெய்தது. நெய்யச் சொல்லித் தூண்டியது புற்று.

அது எப்படி என்று புரிய, கொலாஜன் எப்படிப்பட்ட பொருள் என்று பார்க்க வேண்டும். உடம்பில் இருக்கும் புரதத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இதுதான். தோல், தசைநாண், எலும்பு, பல், ரத்தக்குழாய்ச் சுவர் எல்லாவற்றுக்கும் கட்டுமானச் சரக்கு. இதுவரை 28 வகை எண்ணியிருக்கிறார்கள். அதிகம் கிடைப்பது முதல் வகை. இதன் வடிவத்தைச் சொன்னது நம் ஊர்தான். 1954ல் மதராஸ் பல்கலைக்கழகத்தில் ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கார்த்தாவும் இது மூன்று இழை சேர்ந்த முறுக்கு என்று காட்டினார்கள். (அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கியதும் அதே 1954தான். இரண்டு வேலைக்கும் அன்றைக்கு ஒரு தொடர்பும் இல்லை; இன்றைக்கு உங்கள் அம்மாவின் அறிக்கையில் இரண்டும் சந்திக்கின்றன.)

வைக்கோல் பிரி முறுக்கியவர்களுக்கு இந்த வடிவம் கை அறிந்த விஷயம். தனிப் புரியை ஒரு பக்கம் முறுக்கி, புரிகளைச் சேர்க்கும்போது எதிர்ப்பக்கம் முறுக்கினால்தான் கயிறு பிரியாமல் நிற்கும். கொலாஜனும் அப்படியே: ஒவ்வொரு இழையும் இடப்புறமாகச் சுற்றியிருக்கும், மூன்றும் சேர்ந்து வலப்புறமாகச் சுற்றும். ஒவ்வோர் இழையிலும் சுமார் 1,000 அமினோ அமிலங்கள். மூன்றில் ஒன்று கட்டாயம் கிளைசின், ஏனென்றால் முறுக்கின் நடுவே இருக்கும் இடுக்கில் அமினோ அமிலங்களிலேயே சிறியதான அது மட்டும்தான் நுழையும். முறுக்கி முடித்தால் நீளம் 300 நானோமீட்டர், தடிமன் 1.5. இப்படிப் பல்லாயிரம் சேர்ந்தால் ஒரு நார். நாருக்குள் முறுக்குக்கும் முறுக்குக்கும் இடையே முடிச்சுப் போட்டு இறுக்க ஒரு நொதி இருக்கிறது, லைசில் ஆக்சிடேஸ். அது வேலை செய்யத் தாமிரம் வேண்டும். இந்தத் தாமிரத்தை நினைவில் வையுங்கள், பாக்குக் கதையில் திரும்ப வரும்.

இன்னொரு கொலாஜன், நான்காம் வகை, கயிறாக முறுக்கிக்கொள்வதில்லை. வலையாகப் பின்னி மெல்லிய விரிப்பாகக் கிடக்கும். பால் சுரப்பியானாலும் சரி, வாயின் உள்தோலானாலும் சரி, செல் வரிசைக்கு அடியில் இந்த விரிப்பு உண்டு. அறிக்கைகளில் ‘பேஸ்மென்ட் மெம்பிரேன்’ என்று எழுதுவது இந்த விரிப்பைத்தான். வயலுக்கு வரப்பு எப்படியோ அப்படி இது சுரப்பிக்கு. செல்கள் கெட்டுப்போய்ப் பெருகினாலும் விரிப்புக்குள் அடங்கியிருக்கும்வரை அதற்கு ‘இன் சிட்டு’ என்று பெயர். விரிப்பைத் தாண்டினால் ‘இன்வேசிவ்’. ரத்தக்குழாயும் நிணநீர்க்குழாயும் விரிப்புக்கு வெளியேதான் ஓடுகின்றன. எனவே வேறு உறுப்புக்குப் பரவும் பேச்சே விரிப்பைத் தாண்டிய பிறகுதான். அறிக்கை கையில் வந்ததும் முதலில் தேட வேண்டிய சொல் இந்த இரண்டில் எது என்பதுதான்.

வரப்பில் நண்டு வளை போட்டால் என்ன ஆகும் என்று டெல்டாக்காரருக்குச் சொல்ல வேண்டாம். வெளியிலிருந்து பார்க்க வரப்பு முழுசாக நிற்கும், காலையில் பார்த்தால் வயலில் தண்ணீர் இருக்காது. புற்றுச் செல்லும் கூடச் சேர்ந்த செல்களும் எம்.எம்.பி. எனப்படும் துத்தநாக நொதிகளை வைத்து வளை போடுகின்றன. எம்.எம்.பி.2, எம்.எம்.பி.9 இரண்டும் நான்காம் வகை விரிப்பை அறுப்பவை. முதல் வகைக் கயிற்றை அறுக்க வேறு ஆட்கள் உண்டு: எம்.எம்.பி.1, 8, 13. இவை கயிற்றைக் கண்ட இடத்தில் வெட்டுவதில்லை. குறிப்பிட்ட ஒரே இடத்தில், முக்கால் பங்கு ஒரு பக்கமும் கால் பங்கு மறுபக்கமுமாக வெட்டும். வெட்டிய பிறகு உடம்புச் சூட்டிலேயே முறுக்கு தளர்ந்துவிடும், மிச்சத்தை மற்ற நொதிகள் மென்றுவிடும்.

எல்லாச் செல்லும் அறுத்துக்கொண்டுதான் போக வேண்டும் என்பதும் இல்லை. நார்களுக்கு நடுவே இடைவெளி போதுமென்றால் நெளிந்து நழுவிவிடும். செல்லின் உடம்பு எதற்கும் வளைந்து கொடுக்கும். உள்ளே இருக்கும் கருதான் விறைப்பானது. வேலிக் கம்பியில் பூனை தலையை விட்டுப் பார்ப்பதுபோல, கரு நுழையும் சந்து இருந்தால் செல் போகும், இல்லையென்றால் அறுத்து அகலமாக்க வேண்டும்.

இனி உங்கள் அறிக்கையின் சொல், டெஸ்மோபிளாசியா. கட்டியைச் சுற்றி ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற நார் நெய்யும் செல்கள் எப்போதும் இருக்கும். காயம் பட்டால் வந்து தழும்பு போட்டு மூடிவிட்டு ஓய்ந்துவிடுவது இவற்றின் வேலை. புற்றுக் கட்டி டி.ஜி.எஃப்.பீட்டா போன்ற சமிக்ஞைகளை விடாமல் அனுப்பி, இங்கே ஆறாத காயம் ஒன்று இருப்பதாக அவற்றை நம்பவைக்கிறது. அவையும் நாரைக் கொட்டிக்கொண்டே இருக்கின்றன. கட்டிக்குள் பிராணவாயு குறையக் குறைய லைசில் ஆக்சிடேஸ் கூடுகிறது, முடிச்சுகள் பெருகுகின்றன, இடம் விறைக்கிறது. சாதாரண மார்பகத் திசுவின் விறைப்பு சில நூறு பாஸ்கல். கட்டியில் அது சில ஆயிரம். மருத்துவர் விரலால் தடவியே ‘கல் மாதிரி இருக்கிறது’ என்று சந்தேகப்படுவதும், கட்டிக்கு மேலே தோல் குழிவதும், காம்பு உள்ளிழுத்துக்கொள்வதும் இந்த நார் சுருங்கி இழுப்பதால்தான். கட்டியில் வலி இல்லையே என்று அலட்சியமாக இருப்பவர்கள் தோல் குழிவதைக் கண்டாவது ஓடிவர வேண்டும்.

விறைப்பு வெறும் அடையாளம் மட்டும் இல்லை, அதுவே செல்லை மாற்றுகிறது. செல்லின் மேல் இன்டெக்ரின் என்ற கொக்கிகள் இருக்கின்றன. சேற்றில் நின்று கயிறு இழுத்தால் கால் வழுக்கும், கட்டாந்தரையில் நின்று இழுத்தால் பிடி கிடைக்கும். விறைத்த நாரில் கொக்கி மாட்டிய செல்லுக்கு அப்படிப் பிடி கிடைக்கிறது. அந்த இழுவிசை உள்ளே சமிக்ஞையாக மாறி, யாப் என்ற புரதம் கருவுக்குள் போய், பெருகு என்று சொல்கிறது. 2009ல் எலிகளில் லைசில் ஆக்சிடேஸைத் தடுத்துப் பார்த்தபோது திசு இளகியது, கட்டி வளர்வதும் குறைந்தது. மேமோகிராமில் அடர்த்தி மிக அதிகமாகத் தெரியும் மார்பகம் உள்ளவர்களுக்கு, அடர்த்தி மிகக் குறைந்தவர்களைவிடப் புற்று வரும் வாய்ப்பு நான்கு முதல் ஆறு மடங்கு. அந்த அடர்த்தியில் பெரும்பங்கு கொலாஜன்தான்.

எவ்வளவு கொலாஜன் என்பதைவிட எந்தத் திசையில் கிடக்கிறது என்பது முக்கியம் என்பது என் கணிப்பு. ஆராய்ச்சியும் இப்போது அந்தப் பக்கம்தான் போகிறது. கட்டி சின்னதாக இருக்கும்போது நார்கள் ஓரத்தில் அடர்ந்து சுருண்டு கிடக்கும். வளர வளர, கட்டியின் ஓரத்தைச் சுற்றி வேலி மாதிரி நீட்டி விறைத்து நிற்கும். மூன்றாவது நிலையில் அதே நார்கள் திரும்பி, ஓரத்துக்குச் செங்குத்தாக, கட்டியிலிருந்து வெளியே நீளும். குறுக்கே நின்ற வரப்பு நடைவரப்பாகிவிடுகிறது. செல்கள் அதன்மேல் ஏறி நடந்து ரத்தக்குழாய்வரை போகின்றன. சாயம் போடாமலே கொலாஜனை ஒளிரவைத்துப் பார்க்கும் லேசர் நுண்ணோக்கியில் இது பளிச்சென்று தெரியும். 2011ல் சுமார் 200 மார்பகப் புற்று நோயாளிகளின் திசுவை அப்படிப் பார்த்தபோது, செங்குத்து நார் இருந்தவர்களுக்கு நோய் திரும்புவதும் இறப்பும் கூடுதலாக இருந்தன. வழக்கமான ஆய்வகத்தில் இந்தச் சோதனை கிடையாது. உங்கள் அறிக்கையில் இல்லையே என்று தேட வேண்டாம்.

நோய் எதிர்ப்புச் செல்களுக்கும் இந்த வேலி தடை. கட்டிக்கு வெளியே வந்து குவிந்த டி செல்கள் நாரில் சிக்கி உள்ளே போக முடியாமல் நிற்பதை நுண்ணோக்கியில் பார்க்கலாம். ஈஸ்ட்ரஜன், புரோஜெஸ்டிரோன், ஹெர்2 என்ற மூன்று ஏற்பிகளும் இல்லாத ‘டிரிப்பிள் நெகட்டிவ்’ வகையில், டி.டி.ஆர்.1 என்ற கொலாஜன் ஏற்பியே நார்களை வரிசைப்படுத்தி வேலியைக் கட்டுகிறது என்று 2021ல் காட்டினார்கள். அதைத் தடுத்த எலிகளில் டி செல்கள் உள்ளே புகுந்தன. கணையப் புற்றில் நார்த்திசு இன்னும் மோசம்: சில கட்டிகளில் பத்தில் எட்டு ஒன்பது பங்கு நார்தான் இருக்கும், புற்றுச் செல் அதில் அங்கங்கே தீவு தீவாகக் கிடக்கும். நெருக்கத்தில் ரத்தக்குழாய் நசுங்கிவிடுவதால் மருந்து போய்ச் சேர்வதே பாடு.

தூரத்து உறுப்பிலும் கொலாஜனுக்கு வேலை உண்டு. கட்டி சுரக்கும் லைசில் ஆக்சிடேஸ் ரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், அங்கே இருக்கும் கொலாஜனை முடிச்சுப்போட்டு, பின்னால் வரப்போகும் செல்களுக்கு இடம் தயார்செய்து வைப்பதை எலிகளில் பார்த்திருக்கிறார்கள். நாற்று வருமுன்பே சேறடித்து வைத்த மாதிரி. எலும்பின் கரிமப் பகுதியில் பெரும்பங்கு முதல் வகைக் கொலாஜன். மார்பகப் புற்று எலும்பில் இறங்கினால் அதைக் கரைக்கிறது. அதைக் கட்டுப்படுத்த சோலிட்ரானிக் அமிலத்தை ஊசியாகப் போடுவார்கள். அந்த ஊசி தொடங்குமுன் சொத்தைப் பல்லைச் சரிசெய்துவிட வேண்டும். ஊசி ஓடிக்கொண்டிருக்கும்போது பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு.

அப்படியானால் கொலாஜனையே கரைத்துவிட்டால் என்ன? இந்த யோசனை பலருக்கு வந்தது. எலிகளின் கணையக் கட்டியில் நார் நெய்யும் செல்களையே அழித்துப் பார்த்தார்கள், 2014ல். நோய் இன்னும் மூர்க்கமாக ஓடியது. 2021ல் அந்தச் செல்களின் முதல் வகைக் கொலாஜனை மட்டும் நிறுத்திப் பார்த்தார்கள். அப்போதும் எலிகள் சீக்கிரம் செத்தன. வேலி ஓரளவு வேலியாகவும் இருந்திருக்கிறது. அதற்கும் மேலே ஒரு திருப்பம்: புற்றுச் செல்லே தானாக நெய்யும் கொலாஜன் வேறு மாதிரி. சாதாரண முதல் வகையில் ஆல்ஃபா ஒன்று இழை இரண்டு, ஆல்ஃபா இரண்டு இழை ஒன்று. கணையப் புற்றுச் செல் நெய்வதில் மூன்றுமே ஆல்ஃபா ஒன்று. இது புற்றுக்குச் சாதகமாக வேலை செய்கிறது. மூன்றாம் வகைக் கொலாஜனோ, பரவிப்போன செல்லைச் சுற்றி இருந்தால் அதைத் தூங்கவைக்கிறது என்று 2022ல் காட்டியிருக்கிறார்கள். பதினெட்டாம் வகையின் ஒரு துண்டுக்கு எண்டோஸ்டாட்டின் என்று பெயர். புதிய ரத்தக்குழாய் முளைப்பதைத் தடுக்கும் அதை 1997ல் கண்டுபிடித்தார்கள். எனவே ‘கொலாஜன் நல்லதா கெட்டதா’ என்று ஒரு வரியில் கேட்டால் பதில் கிடையாது. எந்த வகை, யார் நெய்தது, எப்படி முடிச்சு, எந்தத் திசை என்று கேட்க வேண்டும்.

மருந்து விஷயத்தைச் சுருக்கிவிடுகிறேன், பெருமைப்பட அதிகம் இல்லை. எம்.எம்.பி. நொதிகளை ஒட்டுமொத்தமாகத் தடுக்கும் மாரிமாஸ்டாட் 1990களில் பெரிய எதிர்பார்ப்போடு வந்தது. முற்றிய நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள், பலனில்லை. மூட்டு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். வளை போடும் நண்டைப் பிடிக்கிறேன் என்று வயலின் மண்புழுவையும் சேர்த்துக் கொன்ற கதை. அந்த நொதிகளில் பல உடம்பின் அன்றாடப் பராமரிப்புக்குத் தேவை, சில புற்றை எதிர்ப்பவையும்கூட. முடிச்சுப்போடும் நொதிக் குடும்பத்தில் ஒன்றைத் தடுக்கும் சிம்டுசுமாப் கணையப் புற்றில் கைகொடுக்கவில்லை. ரத்த அழுத்த மாத்திரையான லோசார்டன் நார் நெய்வதைக் குறைக்கும் என்பதால், நோய் இருந்த இடத்திலேயே முற்றிய 49 கணையப் புற்று நோயாளிகளுக்குக் கீமோவோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள், 2019ல் முடிவு வந்தது. 61 விழுக்காட்டினருக்குக் கட்டியை ஓரம் சுத்தமாக அகற்ற முடிந்தது. ஆனால் மாத்திரை இல்லாத ஒப்பீட்டுக் குழு அதில் கிடையாது. இதைப் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் பிரஷர் மாத்திரையை எடுத்து விழுங்கக்கூடாது. கீமோவில் வாந்தியும் பேதியுமாக உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது அழுத்தம் விழும், சிறுநீரகம் கெடும்.

இனி உங்கள் கையில் இருக்கிற வேலை. அறிக்கையில் ‘டெஸ்மோபிளாஸ்டிக்’ என்பது வர்ணனை, நோயின் கட்டம் அதில் இல்லை. சிகிச்சையைத் தீர்மானிப்பவை வேறு: கிரேடு (செல் எவ்வளவு மாறியிருக்கிறது), ஈ.ஆர்., பி.ஆர். (ஈஸ்ட்ரஜன், புரோஜெஸ்டிரோன் ஏற்பிகள்), ஹெர்2, கேஐ67 (செல் பெருகும் வேகம்), நிணநீர்க்குழாயில் செல் நுழைந்திருக்கிறதா என்பது. இதில் ஒன்று விட்டிருந்தால் கேட்டு வாங்குங்கள். புற்றில்லாத ஃபைப்ரோஅடினோமா கட்டியிலும் கொலாஜன் அடர்ந்திருக்கும், எனவே பக்கத்து வீட்டுப் பெண்ணின் அறிக்கையில் ‘கொலாஜன்’ என்ற சொல்லைப் பார்த்துப் பயமுறுத்தாதீர்கள்.

நார் மிகுந்த கட்டியில் மெல்லிய ஊசியால் உறிஞ்சினால் செல் வராது, காய்ந்த கிணற்றில் வாளி விட்ட மாதிரி. ‘போதிய செல் இல்லை’ என்று வந்தால் அது ‘புற்று இல்லை’ என்று ஆகாது. தடித்த ஊசியால் குச்சி குச்சியாகத் திசு எடுக்கும் கோர் பயாப்சிதான் சரி. எடுத்த திசுவைச் சின்ன மருத்துவமனையிலிருந்து தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ குடும்பத்தாரே பஸ்ஸில் கொண்டுபோவது நம் பக்கம் சகஜம். அங்கேதான் தப்பு நடக்கும். திசு ஒரு மணி நேரத்துக்குள் 10 விழுக்காடு பஃபர் ஃபார்மலினில் முங்க வேண்டும். ஃபார்மலின் திசுவின் அளவைப்போல் பத்து மடங்காவது இருக்க வேண்டும். மார்பகத் திசு அதில் 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மேற்போகாமலும் ஊற வேண்டும். சலைனில் போட்டுக் கொடுத்தாலோ, அகற்றிய கட்டியை அறுத்துவிடாமல் முழுசாகச் சின்ன டப்பாவில் திணித்தாலோ நடுப்பகுதி கெட்டு, இருக்கிற ஈ.ஆர். ஏற்பி ‘இல்லை’ என்று வரலாம். அப்படி வந்தால் ஐந்து வருஷம் போட வேண்டிய ஹார்மோன் தடுப்பு மாத்திரையே கைநழுவும். டப்பாவில் பெயர், எந்தப் பக்கத்து மார்பு, திசு எடுத்த நேரம் மூன்றும் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பெரிய மருத்துவமனைக்கு மாறினால் தாள் மட்டும் போதாது, திசுவைப் பதித்துவைத்த மெழுகுக் கட்டியையும் கண்ணாடித் தகடுகளையும் ஆய்வகத்தில் கேட்டு வாங்கிப் போக வேண்டும்.

‘ஊசி குத்தினால், கத்தி பட்டால் பரவிவிடும்’ என்று வீட்டுக்கு வருகிற உறவெல்லாம் சொல்லும். பரவலுக்கு என்னென்ன ஏற்பாடு தேவைப்படுகிறது என்று மேலே பார்த்தீர்கள். ஊசித்தடத்தில் ஓரிரு செல் ஒட்டினாலும் பின்னால் வரும் அறுவையும் கதிர்வீச்சும் அந்த இடத்தையும் சேர்த்தே கவனிக்கின்றன. இந்தப் பேச்சை நம்பி நாட்டு வைத்தியத்தில் ஆறு மாதம் போக்குவதுதான் ஆபத்து.

பவுடரைச் சிகிச்சை முடியும்வரை நிறுத்திவையுங்கள் என்றே சொல்வேன், காரணம் வேறு. பல டப்பாக்களில் கொலாஜனோடு வைட்டமின் சியும் பயோட்டினும் சேர்த்திருப்பார்கள். பயோட்டின் அதிகமானால் தைராய்டு, இதயம் சம்பந்தப்பட்ட சில ரத்தப் பரிசோதனைகள் தப்பாகக் காட்டும். கீமோ, கதிர்வீச்சு நடக்கும்போது ஆக்சிஜனேற்றத் தடுப்பிகளை அதிக அளவில் எடுக்க வேண்டாம் என்பதும் பொது அறிவுரை. டப்பாவை அப்படியே மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டிவிடுங்கள். இன்னொன்று, புரதமாகப் பார்த்தாலும் கொலாஜன் அரைகுறை: டிரிப்டோஃபேன் என்ற கட்டாய அமினோ அமிலம் அதில் இல்லவே இல்லை. சிகிச்சையில் இருப்பவருக்குக் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 1 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும். 50 கிலோ அம்மாவுக்கு 50லிருந்து 75 கிராம். ஒரு முட்டையில் 6, 200 மில்லி பாலில் 6, ஒரு கிண்ணம் கெட்டிப் பருப்பில் 7 அல்லது 8, நூறு கிராம் விராலில் 18க்குக் குறையாது. அறுவைக்குப் பிறகு விரால் குழம்பு கொடுக்கும் வழக்கம் இந்தக் கணக்குக்கு நன்றாகவே பொருந்துகிறது. ஆட்டுக்கால் சூப்பை நிறுத்த வேண்டாம். கொழுப்பை வழித்துவிட்டு, உப்பைக் குறைத்து, அன்றைக்கு வைத்ததைச் சூடாகக் கொடுங்கள். கீமோவில் வெள்ளணு இறங்கும் நாட்களில் நேற்றைய சூப்பைச் சுட வைத்துக் கொடுக்காதீர்கள்.

இப்போது வெற்றிலைப் பெட்டி. அம்மாவின் மார்புக் கட்டிக்குப் பாக்கு காரணம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் கொலாஜனால் வருகிற ஆபத்து ஒன்று டெல்டா வீடுகளில் உண்மையாகவே இருக்கிறதென்றால் அது சூப்புச் சட்டியில் இல்லை, சீவல் டப்பாவில் இருக்கிறது. குடந்தைக் கொழுந்து வெற்றிலைக்கு 2025ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த இலையைக் குற்றம் சொல்வதற்கு இல்லை. குற்றவாளி பாக்கு. புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே புற்றுக்காரணி என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004ல் வெளியிட்ட தொகுதியில் முதல் பிரிவில் வைத்தது. ‘நான் புகையிலை போடுவதில்லை, வெறும் சீவல்தான்’ என்பது சமாதானமே ஆகாது.

நடப்பது இதுதான். பாக்கில் இருக்கும் அரெகோலின் கன்னத்து ஃபைப்ரோபிளாஸ்டை நார் நெய்யத் தூண்டுகிறது. பாக்கில் தாமிரம் அதிகம். அது முடிச்சுப்போடும் லைசில் ஆக்சிடேஸுக்குத் தீனி. பாக்கின் துவர்ப்பு டானின் இருக்கிறதே, அது கொலாஜனைப் பிடித்து இறுக்கி, அறுக்கும் நொதிக்கு மசியாமல் ஆக்கிவிடுகிறது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிடுவதும் இதே ரசாயனம்தான்: அழுகாத, இளகாத தோலாக மாற்றுவது. அங்கே மாட்டுத்தோல், இங்கே கன்னத்தின் உள்தோல். நெய்வது கூடி, அறுப்பது குறைந்தால் கன்னம் வரிவரியாக விறைக்கும். வாய் சப்மியூக்கஸ் ஃபைப்ரோசிஸ் என்று இதற்குப் பெயர். முதலில் காரம் பட்டால் எரியும். ரசம் சாதமே எரிகிறது என்பார்கள். பிறகு கன்னத்தின் உட்புறம் வெளிறிப் பளிங்கு மாதிரி ஆகும். விரலால் தடவினால் மேலிருந்து கீழாக நாண் தட்டுப்படும். நாக்கு நீட்ட முடியாது, விசில் வராது, வாய் திறப்பது குறைந்துகொண்டே போகும். எர்ணாகுளத்தில் இந்நோய் உள்ள 66 பேரை 17 ஆண்டு காலத்தில் தொடர்ந்து கவனித்ததில் 7.6 விழுக்காட்டினருக்கு வாய்ப்புற்று வந்தது. ஸ்டீராய்டும் ஹயலுரானிடேஸும் ஊசியாகப் போடுவதும், ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பல்லிடையே வைத்துத் தினமும் ஒவ்வொன்றாகக் கூட்டும் பயிற்சியும் வாயைக் கொஞ்சம் திறக்கவைக்கும். பழைய கன்னம் திரும்ப வராது. பாக்கை விடாமல் இதில் எதைச் செய்தாலும் வீண்.

அம்மாவை வெளிச்சத்தில் உட்காரவைத்து வாயைத் திறக்கச் சொல்லுங்கள். அவர் கையின் ஆட்காட்டி, நடு, மோதிர விரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி மேல் கீழ் முன்பற்களுக்கு நடுவே விடச் சொல்லுங்கள். சாதாரணமாக மூன்றும் நுழையும், 35 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும். இரண்டுதான் நுழைகிறது என்றால் பல் மருத்துவரிடமோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ காட்ட வேண்டும். வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்தில் ஆறாத புண் எது இருந்தாலும் அங்கிருந்தும் பயாப்சி எடுக்க வேண்டும். மார்பக அறுவைக்கு முழு மயக்கம் கொடுக்கும்போது மூச்சுக்குழாயில் டியூப் போடுவதும் இந்த வாய் வழியாகத்தான். வாய் திறக்காத நோயாளி என்று மேசையில் படுக்கவைத்த பிறகு தெரிந்தால் மயக்க மருத்துவருக்கு அது நெருக்கடி. முன்கூட்டியே தெரிந்தால் மூக்கு வழியாக மெல்லிய கேமரா டியூப் வைத்துச் செய்ய ஏற்பாடு செய்துகொள்வார். அறுவைக்கு முந்தைய பரிசோதனையில் சர்க்கரை, பிரஷர் பற்றிக் கேட்பார்கள். பாக்கைப் பற்றிக் கேட்காவிட்டாலும் எத்தனை வருஷமாகப் போடுகிறார், எத்தனை விரல் நுழைகிறது என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.